ஸ்காரோடேல் தொகுதிச் செலவுக் கணக்கு

தொள்ளாயிரத்து ஆறு, ஜனவரி.
கம்பில் குத்திய இரண்டு ரொட்டிகளோடு
ஆலைத் தெருவில் இறங்கினோம்.
பெரியது, லிபரல்கள் ஆண்டால்.
சின்னது, மற்றவர் வந்து தானியத்துக்கு வரி போட்டால்.
இவ்வளவுதான் எங்கள் பொருளாதாரம்.
அந்த மழைக்கு அது போதும்.

பெரியதைத் தூக்கி வந்தவர் லெமுவேல் கார்த்வெய்ட்,
தோல் பதனிடுபவர் மகன்,
ஞாயிறுதோறும் சேப்பலில் பிரசங்கிப்பவர்.
நான் ஒபதியா ஸ்டெட், அவருடைய தேர்தல் முகவர்.
பேச்சு அவருடையது, ரசீது என்னுடையது.
அடுமனைக்காரர் அம்ப்ளர் என் காதில் சொன்னார்:
"அவ்வளவு பெரிசு உள்ளே வேகாது.
மாவைக் குடைந்து எடுத்துவிட்டேன்."
இதை நான் எந்த ஏட்டிலும் எழுதவில்லை.

இருநூற்றுப் பதினோரு வாக்கில் வென்றோம்.

முதல் பேச்சு பெக் தெருச் சாக்கடை பற்றி.
அவையில் ஒன்பது பேர், அதில் இருவர் தூக்கம்.
மூன்றாம் ஆண்டு குழாய் வந்தது.
பெயர் பொறித்த கல் வேண்டாம் என்றார்.
வைத்திருக்கலாம். இன்று கேட்டால்
குழாயை மாநகராட்சி போட்டது என்கிறார்கள்.

ஓய்வூதியம் தொடங்கிய அன்று பனி.
தபால் நிலையத்துக்கு எதிரே நின்று
கழன்றிராத காலணிக் கயிற்றை
மூன்று முறை கட்டினார்.
நெசவாளி ஈனாக் சக்டன், வயது எழுபத்து நான்கு,
ஐந்து ஷில்லிங்கோடு வெளியே வந்தார்,
யாராவது பின்னால் கூப்பிடுகிறார்களா என்று
திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே
திருடனைப்போல் வேகமாக நடந்தார்.
கார்த்வெய்ட் சிரித்து நான் பார்த்தது
அன்று ஒருநாள்தான்.

பிறகு மணி.
மிஸ் வினிஃப்ரெட் ஓல்ட்ராய்ட், பள்ளி ஆசிரியை,
கூட்டந்தோறும் கடைசி வரிசையில்
வகுப்பு மணியை அடித்து எழுவாள்:
"பெண்களுக்கு வாக்கு எப்போது?"
"அடுத்த கூட்டத்தொடரில்," என்பார் இவர்.
எட்டு ஆண்டுகள்.
அடுத்த, அடுத்த, அடுத்த.
ஒருமுறை நானே ஆள் விட்டு வெளியேற்றினேன்.
ஆள்கூலி இரண்டு ஷில்லிங்,
"நாற்காலி வாடகை" என்று எழுதியிருக்கிறேன்.

எங்கள் தொழிலில்
கேட்டு வாங்குவதும் வாக்கு,
கொடுத்துவிட்டு வருவதும் வாக்கு.
போர் தொடங்கிய ஆண்டு சேப்பல் மேடையில் கொடுத்தார்:
"ஒரு தாயின் மகனையும் கட்டாயமாக அனுப்பமாட்டோம்."
பதினாறு ஜனவரியில்
கட்டாயச் சேவைக்கு மணி அடித்தது.
ஆம் என்பவர் ஒரு வாசல், இல்லை என்பவர் ஒரு வாசல்.
ஆம் வாசலில் நடந்தார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.
ரயிலில் என் எதிரே அமர்ந்து
லீட்ஸ் வரை தொப்பியைக் கழற்றவில்லை.

அம்ப்ளருக்கு ஒரே மகன். ஜூலையில் தந்தி வந்தது.
அடுமனை மறுநாளும் திறந்திருந்தது;
ஊர் சாப்பிட வேண்டுமே.
இவர் கடைக்குள் போனார்.
என்ன பேசினார்களோ,
கையில் ஒன்றும் வாங்காமல் வந்தார்.

பதினெட்டு, டிசம்பர். பெட்டிகளைப் பூட்டி
சிப்பாய்களின் சீட்டுக்காக இரண்டு வாரம் காத்தோம்.
மூன்றாம் இடம்.
கட்டிய நூற்றைம்பது பவுண்டும் போயிற்று.
படிக்கட்டில் மிஸ் ஓல்ட்ராய்ட்,
அன்று மணி இல்லாமல்:
"என் முதல் வாக்கு அவருக்குத்தான், மிஸ்டர் ஸ்டெட்.
தோற்பார் என்று தெரிந்ததால் போட முடிந்தது."
இதை அவரிடம் சொல்லலாமா என்று
இன்னும் யோசிக்கிறேன்.

கடைசியாக வந்தது கணக்குத் தீர்க்க.
ஏட்டைப் புரட்டி ஆறாம் ஆண்டில் நின்றார்.
"ரொட்டி இரண்டு, ஒன்று எட்டணா பென்ஸ் பாக்கி போலிருக்கிறதே?"
"ஒன்றே முக்கால் ஷில்லிங். அம்ப்ளர் கேட்கவேயில்லை."
சில்லறையை எண்ணி மேசையில் வைத்தார்.
"ஆலைத் தெரு முழுக்கத் தூக்கினேன், ஒபதியா.
கை வலிக்கவே இல்லை.
அப்போதே தெரியும்."

காசை நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.
இன்று வியாழன்; அம்ப்ளர் பாதி நாள்தான் திறப்பார்.